ஆதிரையின் மரத்தில் புழு

மரம் சாகிறது என்று பரராசசிங்கம் அண்ணை சொன்னபோது நான் அவரை ஏசிவிட்டேன். "உங்களுக்கென்ன விசரே? ஆடி மாசத்திலை எந்த மரமண்ணை சாகும்?" ஹம்பேர்க்கில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் ஆலையில், ஒரே இயந்திரத்தின் இரு பக்கமும் நாங்கள் நின்றிருந்தோம். ஈர விரிப்பின் ஒரு மூலை அவர் கையில், மறு மூலை என் கையில். அவர் தன் மூலையை விட்டுவிட்டார். விரிப்பு நிலத்தில் விழுந்தது. அதைத் திரும்பவும் வெளுக்கப் போட வேண்டும் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"இலையெல்லாம் நரம்பாய்ப் போச்சு, செல்வம். யோகம் பாத்திட்டாள்."

அவருடைய மனைவி யோகம் அக்கா பார்த்துவிட்டார் என்றதும்தான் எனக்கும் பயம் பிடித்தது.

ஆதிரை அவர்களின் ஒரே பிள்ளை. இரத்தப் புற்றுநோய். போன வருடம் ஜெர்மனியில் உலகக் கிண்ணம் நடந்து, காருக்குக் கார் கொடி கட்டி ஹோர்ன் அடித்துத் திரிந்தார்களே, அந்தக் கிழமையில் போய்விட்டாள். இருபது வயது. போகுமுன் தகப்பனிடம் ஒரு சொல் வாங்கிக்கொண்டாள். ஹம்பேர்க்குக்குத் தெற்கே ஒரு காட்டில், எரித்த சாம்பலை மரத்தடியில் புதைக்கும் புது ஏற்பாடு ஒன்று வந்திருந்தது. கல்லறை இல்லை, மெழுகுதிரி இல்லை, மரத்தில் பேர் எழுதிய சின்னத் தகடு ஒன்று மட்டும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஒருத்தியின் தாயை அங்கே வைத்திருந்தார்கள். ஆதிரை சக்கர நாற்காலியில் போய், பெரிய பெரிய மரங்களை எல்லாம் விட்டுவிட்டு, வீட்டுக் கூரை உயரத்தில் நின்ற ஒரு இளம் ஓக் மரத்தைக் காட்டி, "அப்பா, இதுக்கு என்ரை வயசுதான் இருக்கும்" என்றாளாம். அண்ணை ஓம் என்றுவிட்டார். சாகப்போகிற பிள்ளைக்கு வேறு என்னத்தைச் சொல்வது?

நான் மன்னார்க் கத்தோலிக்கன். எங்களை மண்ணுக்குள் இறக்கி மூடிவிட்டால் கடைசித் தீர்வை நாள்வரை பேசாமல் கிடப்போம். சைவக்காரர் பாடு அப்படியில்லை, சாம்பல் தண்ணீரில் கரைய வேண்டும். கரையாவிட்டால் பிள்ளை அந்தரித்துத் திரியும் என்று யோகம் அக்கா நம்பினார். சாம்பல் கரைக்கிற கீரிமலைத் தீர்த்தத்துக்கு அனுப்பலாம் என்றால் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது, எந்த வழியும் இல்லை. "அப்ப இஞ்சத்தைக் கடலிலை எண்டாலும் கரையுங்கோ" என்று புருஷனைக் கும்பிட்டுக் கேட்டார். அண்ணை பிள்ளைக்குக் கொடுத்த சொல்லை விடவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் உப்பு முடிந்தது, பால் முடிந்தது என்பதைத் தவிர வேறு கதை கிடையாது.

இதற்குள் அக்காவின் தமையன் கல்யாணசுந்தரம் வேறு. எஸன் நகரத்தில் இருக்கிறார், கோவில் சபைத் தலைவர். எந்தச் சாவீட்டுக்கும் முதல் ஆளாய் வந்து, கடைசி ஆளாய்ப் போய், நடுவில் வாய் மூடாத மனிதர். சாம்பலைத் தோண்டி எடுத்துக் கடலில் கரைப்பதற்கு அன்றாக், அதுதான் விண்ணப்பம், ஒன்று நிரப்பி வைத்திருந்தார். சாம்பல் வைத்தது மண்ணில் மக்கிப்போகிற சட்டி என்பதால் சுணங்கக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்க வேண்டும். அக்கா வைத்துவிட்டார், அண்ணை வைக்கவில்லை. தை மாதத்தில் ஒரு நாள், இலை கொட்டி நின்ற மரத்தைப் பார்த்து அக்கா "செத்த மரத்துக்குக் கீழை என்ரை பிள்ளையை வைச்சிருக்கிறியள்" என்று அழுதபோது, அண்ணை வாயைக் கொடுத்துவிட்டார். "சித்திரையிலை தளிர்க்கும் பார். இந்த மரம் செத்தால் நான் கையெழுத்து வைக்கிறன்."

சித்திரையில் தளிர்த்தது உண்மைதான். ஆடியில் இப்படி ஆகும் என்று யார் கண்டது? வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆதிரையின் ஆண்டுத் திவசம். மரத்தடியில் படைப்பதற்குக் கல்யாணசுந்தரம் அந்தக் கடதாசியோடு வருகிறார்.

வேலை முடிந்ததும் அண்ணையை ஏற்றிக்கொண்டு போனேன். பிள்ளை போன பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை. தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. காட்டுக்குள் பாதை சேறாய்க் கிடந்தது. சுற்றி நின்ற பெரிய மரங்கள் எல்லாம் கரும்பச்சையாய்த்தான் நின்றன. ஆதிரையின் மரம் மட்டும் கபில நிறமாய், வெயிலில் கருகியது போல நின்றது. நான் ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தேன். பச்சை எல்லாம் சுரண்டி எடுபட்டு, நரம்பும் மேல்தோலும் மட்டும் மிஞ்சியிருந்தன. அதற்குள்ளால் என் விரல் தெரிந்தது.

இலையைத் திருப்பினால், பின்பக்கத்தில் புழுக்கள். விரல் நகத்தளவுதான். அட்டையைப் போல வழுவழுப்பு, மஞ்சள் கலந்த பச்சை. தோல் அவ்வளவு மெல்லியது, தின்ற இலை வயிற்றுக்குள் பச்சைக் கோடாய் ஓடுவது வெளியே தெரிந்தது. பந்திக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாய் இருந்து, தலையை ஆட்டி ஆட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தன. எனக்கு அருவருத்தது. 

அந்தக் காட்டைப் பார்க்கிற அதிகாரி லூடர்ஸ் என்ற பெண். றப்பர் சப்பாத்தோடு வந்து, இலையைப் பார்த்ததும் சிரித்தாள். இது இலைக்குளவியின் புழு என்றாள். குளவிக்குச் சொந்தம், ஆனால் கொட்டாது. தாய்ப்பூச்சியின் வாலில் அரிவாள்பல் போல ஒன்று இருக்கும், அதால் இலையைக் கீறி முட்டையை உள்ளே வைக்கும். பொரிக்கிற புழு ஓக் இலையைத்தான் தின்னும். வளர்ந்ததும் கீழே விழுந்து, மண்ணுக்குள் போய்க் கூடு கட்டிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்க வேரடியில் கிடந்துவிட்டு வசந்தத்தில் பூச்சியாய் மேலே வரும்.

"மரத்துக்கு ஒன்றும் ஆகாது. பார்க்க வடிவில்லை, அவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் முழுதாகத் தளிர்க்கும். தொடாமல் விடுங்கள். மருந்து எதுவும் அடிக்கக் கூடாது, இது காடு" என்றாள்.

"ஞாயிற்றுக்கிழமைக்குள் தளிர்க்காதா?" என்று அண்ணை தன் ஜெர்மனில் கேட்டார்.

அவள் பகிடி என்று நினைத்துத் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது காருக்குள் நான் சொன்னேன்: "அண்ணை, இதிலை என்ன கிடக்குது? அந்த மனுசி சொன்னதை அப்பிடியே அக்காவுக்குச் சொல்லுங்கோ. வாற வருசம் தளிர்க்கும்."

"வாற வருசம் எண்டு நான் யோகத்துக்குச் சொல்லேலாது, செல்வம். ஆஸ்பத்திரியிலை வாற மாசம் சுகம் வரும், வாற மாசம் சுகம் வரும் எண்டு சொல்லிச் சொல்லியே பிள்ளையைக் குடுத்தனான். என்ரை வாயாலை வாற வருசம் எண்டால் அவள் காறித் துப்புவாள்."

"அப்ப புழுவெண்டாவது சொல்லுங்கோ. மரம் சாகேல்லை, புழு பிடிச்சிருக்குது எண்டு."

"புழுவெண்டோ? பிள்ளைக்கு மேலை புழு நெளியுதெண்டு தாயிட்டைச் சொல்லுறதோ? எரிக்கிறதே புழு அரிக்கக் கூடாதெண்டுதானே!"

மண்ணுக்குள் போகிற சாதியாகிய நாங்கள் புழுவோடு எப்போதோ சமாதானம் ஆகிவிட்டோம். அவரிடம் அதைச் சொல்லலாமா? கண்ணாடித் துடைப்பான் அங்கும் இங்கும் போவதைப் பார்த்தபடி இருவரும் வீடு வந்து சேர்ந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர்கள் வீட்டு மணியை அடித்தபோது அண்ணை இல்லை. இடத்தைக் கூட்டித் துப்புரவாக்க வேணும் என்று விடியற்காலை ரயிலிலேயே போய்விட்டாராம். யோகம் அக்கா கறிச் சட்டிகளைத் துணியால் கட்டிக்கொண்டு நின்றார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய், உழுந்து வடை. இவற்றோடு ஆதிரைக்குப் பிடித்த பொம்மெஸ் என்ற உருளைக்கிழங்குப் பொரியல் வேறு, வெள்ளித்தாளில் சுற்றியபடி. "வடையைத் தொடமாட்டாள், இதைத்தான் முதல் எடுப்பாள்" என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணசுந்தரம் முன் ஆசனத்தில் ஏறி, கடதாசி வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக அவர்தான் கதைத்தார். கப்பற்காரனிடம் தேர்மீன், அதுதான் நாளும் நேரமும், கேட்டாயிற்று, ஐயரும் வரச் சம்மதம், அலை இல்லாத நாளாய்ப் பார்க்க வேண்டும், இத்யாதி. அக்கா பின்னால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மரத்தடியில் அண்ணை நின்றார். நிலம் துப்புரவாய்க் கூட்டியிருந்தது. பக்கத்தில், கடைக்குக் கொண்டுபோகிற சக்கரப் பை ஒன்று, மேலே அவருடைய ஜாக்கெட் போர்த்தியபடி. இலைகள் எல்லாம் ஈரமாய் இருந்தன. மழை இரவே விட்டுவிட்டதே என்று ஒருமுறை யோசித்தேன். பிறகு, மரம்தானே, சொட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணை என் முகத்தைப் பார்க்கவில்லை.

கல்யாணசுந்தரம் மரத்தை ஒருதரம் சுற்றி வந்தார். வைத்தியர் நாடி பார்த்த தோரணை. "முடிஞ்சுது. மரம் செத்துப்போச்சு. பரம், நீர் சொன்ன சொல்லுச் சொல்லுத்தானே?" பேனையை எடுத்து நீட்டினார்.

"அண்ணை, முதல் படைப்பம்" என்றார் யோகம் அக்கா தமையனிடம்.

பெரிய ரயில் நிலையத்தடிக் கடையில் வாங்கிய வாழையிலை, ஓரம் கறுத்துப்போன இலை. அதை வேரடியில் விரித்துச் சோறும் கறிகளும் வைத்தார். நெருப்புக் கொளுத்தத் தடை, ஆகவே கற்பூரம் இல்லை. கல்யாணசுந்தரம் தேவாரம் பாடினார். குற்றம் சொல்லக்கூடாது, அந்த மனிதருக்கு நல்ல குரல். பாடி முடிந்ததும் எல்லோரும் தள்ளி நின்று காகத்துக்காகக் காத்திருந்தோம்.

காகம் வந்து சோற்றில் வாய் வைத்தால் போனவர்கள் சாப்பிட்டார்கள் என்று கணக்கு. காகம் சாப்பிட்ட பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். ஹம்பேர்க் நகரத்துக்குள் குப்பைத்தொட்டிக்கு ஒரு காகம் இருக்கும். இந்தக் காட்டில் ஒன்றைக்கூடக் காணவில்லை. அக்கா கையைக் குவித்து "கா... கா..." என்று கூப்பிட்டார். நாயோடு நடந்து போன ஒரு ஜெர்மன்காரத் தம்பதி நின்று எங்களைப் பார்த்தார்கள். கல்யாணசுந்தரமும் கூப்பிட்டார். நானும், வேதக்காரன், வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். எங்கள் குரல்தான் எங்களுக்குத் திரும்பக் கேட்டது. சோற்றிலிருந்து ஆவி போய்விட்டது.

"என்ரை பிள்ளை பசியோடை நிக்கிறாள். ஒரு வருசமாய்ப் பசியோடை நிக்கிறாள்" என்று அக்கா நிலத்தில் இருந்துவிட்டார்.

அப்போது சோற்றின் மேல் ஏதோ பொட்டென்று விழுந்தது. அக்கா குனிந்து பார்த்தார். இன்னொன்று விழுந்தது, பருப்புக்குப் பக்கத்தில். மஞ்சள் பச்சையாய், மெல்ல நெளிந்தது. அலறப்போகிறார் என்று நான் ஓடிப்போனேன். அவர் அலறவில்லை.

"தம்பி, இதென்ன?"

அண்ணையைப் பார்த்தேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றார். மறைத்து இனி என்ன பயன் என்று, லூடர்ஸ் சொன்னதை எல்லாம் அக்காவிடம் ஒப்புவித்தேன். மரம் சாகவில்லை, புழு இலையைத் தின்கிறது, பிறகு மண்ணுக்குள் போய்விடும், அவ்வளவுதான் என்றேன்.

"இந்த மரத்து இலையைத்தானோ தின்னுறது?"

"ஓமக்கா."

"இலைக்குச் சாப்பாடு எங்கையிருந்து வருது?"

"வேராலை. மண்ணிலையிருந்து."

அக்கா மண்ணைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பார்த்தார். சோற்றில் இன்னும் இரண்டு விழுந்தன, வடையில் ஒன்று. ஒன்றை மெதுவாய் எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். அதன் வயிற்றுக்குள் ஓடிய பச்சைக் கோட்டை விரலால் தொடாமல் தொட்டுப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஒரு வருடமாய்க் கண்டதில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்துவிட்டது அவருக்கு. தமையனிடம் திரும்பினார்.

"அண்ணை, காகத்தைக் காணேல்லை எண்டு நிண்டனாங்கள். இதுகள் வந்து சோத்திலை வாய் வைக்குது, பாருங்கோ! என்ரை பிள்ளை பசியோடை நிக்கேல்லை, அண்ணை. அவள் இதுகளுக்கெல்லே சாப்பாடு குடுத்துக்கொண்டு நிக்கிறாள். இருக்கேக்கையும் அப்பிடித்தானே, பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் குடுக்கிறதை ஆருக்கெண்டாலும் பிரிச்சுக் குடுத்திட்டுத்தான் வருவாள்."

கல்யாணசுந்தரத்தின் கையிலிருந்து கடதாசியை வாங்கினார். நாலாய்க் கிழித்தார். "கடல் வேண்டாம். அவள் கேட்ட இடத்திலையே இருக்கட்டும்."

கல்யாணசுந்தரம் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அவரை அப்படிக் கண்டது அதுதான் எனக்கு முதல் தடவை. நான் சந்தோஷத்தில் அண்ணையின் தோளைப் பிடித்தேன். அவர் வென்றுவிட்டாரே! பிள்ளைக்குக் கொடுத்த சொல் நின்றுவிட்டதே! அவர் தோளை விலக்கிக்கொண்டார். "இஞ்சருங்கோ" என்று அக்கா அவரைக் கூப்பிட்டார். அந்த வார்த்தையை அவர் எத்தனை காலத்துக்குப் பிறகு சொல்கிறார்! "இஞ்சருங்கோ, உங்கடை பிள்ளை சரியாய்த்தான் கேட்டிருக்கிறாள்."

புழுக்கள் இப்போது பொலபொலவென்று விழத் தொடங்கின. வாழையிலையில், அக்காவின் தலையில், மடியில், என் சப்பாத்தில். அக்கா இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார். கையில் விழுந்தவை சுருண்டன, நிமிர்ந்தன, திரும்பச் சுருண்டன. பிறகு அசையவில்லை. அக்கா விரல் நுனியால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார். இன்னொன்றைத் தட்டினார். விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

அந்த மணம் அவருக்குத் தெரியும். அண்ணைக்கு நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்னத் தோட்டம் உண்டு. கத்தரியும் மிளகாயும் போடுவார், பூச்சி வந்தால் மருந்தடிப்பார். அந்த உடுப்பை அக்காதான் தோய்ப்பார். நான் சக்கரப் பையின் மேல் கிடந்த ஜாக்கெட்டைப் பார்த்தேன். அதன் கீழே மருந்தடிக்கிற பம்பின் குழாய் துருத்திக்கொண்டு நின்றது. அதைத்தான் விடியற்காலை ரயிலிலும் பஸ்ஸிலும் அந்த மனிதர் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"மருந்தடிச்சனீங்களோ?"

"யோகம்... மரத்தைக் காப்பாத்தத்தான். புழு போனால் மரம் தப்புமெண்டு நீர் நம்புவீர் எண்டு... பிள்ளையை இஞ்சை வைச்சிருக்கத்தான் யோகம், வேறையொண்டுக்கும் இல்லை."

அக்கா சோற்றிலிருந்தும் கறியிலிருந்தும் புழுக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினார். தலைமயிருக்குள் கிடந்தவற்றையும் எடுத்தார். கரண்டியால் வேரடியில் ஒரு சின்னக் குழி தோண்டி, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, மண்ணைத் தள்ளி, கையால் அமர்த்தி மூடினார். நாங்கள் மூன்று ஆம்பிளைகளும் மரம் போல நின்றோம். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து புருஷனிடம் வந்தார்.

"பிள்ளை இஞ்சையே இருக்கட்டும். நீங்கள் இனி இஞ்சை வரவேண்டாம்."

அவ்வளவுதான். வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை, சமையலை நிறுத்தவில்லை. ஒரே மேசையில்தான் இருவரும் சாப்பிடுகிறார்கள். உப்பு முடிந்தது, பால் முடிந்தது என்று கதைக்கிறார்கள்.

அடுத்த வருடம் திவசத்துக்கும் நான்தான் கார் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணையும் வந்தார். காட்டு வாசலில் கார் விடுகிற இடத்திலேயே முன் ஆசனத்தில் இருந்துகொண்டார். நான் இறங்கச் சொல்லிக் கேட்கவில்லை. அக்காவும் நானும் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

மரம் தளதளவென்று நின்றது. லூடர்ஸ் சொன்னது சரி, ஒரு கிளை விடாமல் தளிர்த்து, அடியில் நின்றால் வானம் தெரியாத அளவுக்கு அடர்ந்திருந்தது. அக்கா படைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிடவில்லை. கைக்கு எட்டிய இலைகளை ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டாத கிளைகளை என்னைக் கொண்டு வளைத்துப் பிடிக்கச் செய்து பார்த்தார். என் கை உளைந்தது. கடைசியில் "போதும், விடுங்கோ தம்பி" என்றார்.

காருக்குத் திரும்பி வந்தோம். அண்ணை கண்ணாடியை இறக்கினார். அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தளிர்த்திருக்கோ, செல்வம்?"

"ஓமண்ணை. நல்லாய்த் தளிர்த்திருக்கு."

"புழு... புழு ஏதும் கண்டனீங்களோ?"

நான் வாயைத் திறக்கமுன் யோகம் அக்கா பின்கதவைத் திறந்து ஏறி, சட்டிகளைக் காலடியில் வைத்தார்.

"ஒரு இலையிலையும் ஒரு ஓட்டை இல்லை" என்றார். "சந்தோசமாய் இருங்கோ."

அண்ணை கண்ணாடியை ஏற்றினார். நான் காரை எடுத்தேன்.